இறுகிய எஞ்சினை இளக்கிய வரலாறு

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. சிலம்பைப் பற்றியும் ஆழ்வார்களைப் பற்றியும் அறிஞர் பெருமக்கள் இங்கே பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிவரும் எங்களுக்கு அத்தகுதி இல்லை. ஆயினும் செயலாளர் அவர்கள், "அந்தச் சித்தூர்க் கார் கதையைச் சொல்லியே ஆகவேண்டும்" என்று பிடிவாதமாகக் கூறிவிட்டார். 'நாங்கள்' என்று நாங்கள் சொல்வது பெருமைக்காக அன்று. அந்தக் காரியத்தில் சங்க உறுப்பினர் நால்வர் ஈடுபட்டிருந்தோம். ஐந்தாமவராக ஒரு தெலுங்குப் பெரியவரும், ஆறாமவராக ஓர் அம்மையாரும் இருந்தார்கள். உண்மையில் வேலை செய்தவர்கள் அந்த இருவரே.

சித்தூரில் கிரீம்ஸ்பேட்டைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. அங்கே வாழ்ந்த தமிழ் மருத்துவர் ஒருவரை இங்குள்ள மூத்தோர் சிலர் அறிந்திருப்பீர்கள். சென்னையிலிருந்து வந்து குடியேறியவர். பூதலப்பட்டு, ஐராலா, பங்காருபாளையம் என்று ஊர் ஊராகச் சென்று பிரசவம் பார்த்தவர். அப்படிச் செல்வதற்கு அவர் 1966-இல் வாங்கிய வண்டி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. கண் பார்வை மங்கிய காரணத்தால் 1998-இல் அதைக் கொட்டகையில் நிறுத்தினார். பின்னர் அவரும் காலமானார். 2024-இல் நாங்கள் அந்தக் கொட்டகையின் கதவைத் திறந்தபோது வண்டி நின்று 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. இது நம்மைப் போலவே தமிழ்நாட்டில் பிறந்து ஆந்திரம் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு என்னும் காரை, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் 1961 முதல் செய்து விற்றார்கள். அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கெலோத்தி என்ற இத்தாலியர். எஞ்சின் 948 கன சென்டிமீட்டர், நான்கு சிலிண்டர். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். நம் நாட்டுக் குடும்பங்களின் அளவை நன்கறிந்தவர்கள் 1968-இல் வண்டலூரில் நான்கு கதவு வைத்தார்கள். 1971-இல் அந்த உற்பத்தி நின்றது. மற்றக் கார்களில் மூடியை மட்டும் தூக்கி, குனிந்து உள்ளே கைவிட வேண்டும். ஹெரால்டிலோ மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் முன்பகுதி முழுவதும் முன்னோக்கிக் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். பழுது பார்ப்பவனிடம் இவ்வளவு இரக்கம் காட்டிய கார் வேறு உண்டோ என்று தெரியவில்லை.

டாக்டர் அம்மா எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "வீட்டை விற்றாயிற்று. வரும் 30-ஆம் தேதி காயலான் கடை லாரி வருகிறது. பையன் விலை பேசி முடித்துவிட்டான். வேலூரில் என் தம்பி மகன் கொட்டகை தருகிறேன் என்கிறான். ஆனால் ஓடுகிற வண்டியாக இருந்தால்தான் என்கிறான். நீங்கள் இரயில்வேக்காரர்கள், இரும்பைப் பற்றித் தெரியாதா?"

பேனா பிடிக்கும் கைகளுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும்? எனினும் அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எவருக்கும் நா எழவில்லை. அன்று தேதி ஒன்று.

முதலில் செய்த முட்டாள்தனத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். புது பாட்டரி வைத்துச் சாவியைத் திருகினோம். 'டக்' என்று ஓர் ஒலி, அவ்வளவே. மீண்டும் திருகினோம், கம்பி சுட்டது. தெருப் பிள்ளைகள் அறுவரைக் கூட்டி, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்துத் தள்ளிவிட்டுத் திடீரென்று கிளட்சை விட்டோம். பின் சக்கரங்கள் இரண்டும் சுழலாமல் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு இழுபட்டன. எஞ்சின் மலைபோல் அசையாமல் நின்றது. பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, "இந்த எஞ்சினைத் தூக்கி எறியுங்கள்; பழைய மாருதி வேன் எஞ்சின் ஒன்று மலிவாக இருக்கிறது, நாலு நாளில் ஓட்டித் தருகிறேன்" என்றார். அவர் சொன்னது தவறான வழி என்று சொல்வதற்கில்லை. நாடெங்கும் எத்தனையோ பழைய வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியைத் தொன்மை வண்டியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்குச் சேசிசும் உடலும் எஞ்சினும் பெரிய மாறுதல் இன்றிப் பிறந்தபடியே இருக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்; புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் கொண்ட எண். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். மாருதி எஞ்சினை வைத்தால் அந்த வாசல் அடைபட்டுவிடும். ஆகவே இந்த எஞ்சின், இதே எஞ்சின், அசைந்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் மேஸ்திரி வந்தார். நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில் லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்தவர், வயது 80. மண்ணில் கிழிந்த கோட்டைப் பார்த்தவுடனேயே நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. "யார் தள்ளியது?" என்று கேட்டார். நாங்கள் தலை குனிந்து நின்றோம். "தொந்தர வத்து பாபூ" என்றார். 'தொந்தர' என்றால் தெலுங்கில் அவசரம். அதுவே நம் தமிழில் தொந்தரவு. அவசரத்துக்கும் தொந்தரவுக்கும் ஒரே சொல்லாக வைத்திருக்கும் இரண்டு மொழிகளுக்கு இடையில் வாழ்ந்தும் எங்களுக்குப் புத்தி வரவில்லையே என்று பின்னர் எண்ணிக்கொண்டோம்.

அவர் கேட்ட முதற் கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது. "கடைசி நாள் இது எப்படி நின்றது? ஓடும்போது நின்றதா, ஓடி வந்து நின்றதா?" என்றார். எண்ணெய் வற்றியோ தண்ணீர் வற்றியோ சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடித்துக்கொண்ட எஞ்சின் வேறு. நன்றாக ஓடிவந்து, நிறுத்திய இடத்தில் ஈரத்தால் பிடித்துக்கொண்ட எஞ்சின் வேறு. முன்னதில் உலோகம் உலோகத்தோடு உரசி, உருகி ஒட்டியிருக்கும். பிரித்துச் செலவு செய்தே தீரவேண்டும். பின்னதில் துருவும் பிசினும்தான் பகை. "டாக்டர் அவரே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்" என்றார் அம்மா. மேஸ்திரியின் முகம் மலர்ந்தது.

அடுத்து, பிடித்துக்கொண்டது எஞ்சின்தானா என்று பார்த்தார். சில வேளை ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறு பல்சக்கரம் பெருஞ்சக்கரத்தின் பல்லில் மாட்டிக்கொண்டு நிற்கும். நாம் எஞ்சினைப் பழிப்போம். ஸ்டார்ட்டரைக் கழற்றி வெளியே எடுத்தார். விசிறிப் பட்டையைத் தளர்த்தி, டைனமோவும் தண்ணீர்ப் பம்பும் கையால் சுற்றுகின்றனவா என்று பார்த்தார். சுற்றின. கியரை நடுவில் வைத்து, கிராங்கின் முன்முனை நட்டில் பாக்ஸ் ஸ்பானரைப் போட்டு ஒரு கையால் மட்டும் அழுத்தினார். அசைவில்லை. "எஞ்சின்தான்" என்று சொல்லி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். இரு கையாலும் ஏன் அழுத்தவில்லை என்று கேட்டோம். "கையிருக்கிற பலம் எல்லாம் கடைசி நாளுக்கு" என்றார்.

பிளக்குகள் நான்கையும் கழற்றி டார்ச்சு வைத்துப் பார்த்தோம். இரண்டாவதும் நான்காவதும் ஓரளவு சுத்தம். முதலாவதில் இலேசான துரு. மூன்றாவதில் செங்கல் பொடி தூவியதுபோல் இருந்தது. இதற்கு மேஸ்திரி சொன்ன காரணம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிப்பவை. எந்தக் கணத்தில் நிறுத்தினாலும் ஒரு சிலிண்டர் காற்றை இழுக்கும் நிலையில், உள்வால்வு திறந்து நிற்கும். இன்னொன்று புகையை விடும் நிலையில், வெளிவால்வு திறந்து நிற்கும். மற்ற இரண்டும் மூடியிருக்கும். ஆகவே 26 ஆண்டுகளின் மழைக்காற்றும் திறந்த இரண்டில்தான் புகுந்தது. முதலாவதுக்குக் கார்புரேட்டர் வழியே சிறிது ஈரம். அதன் காற்று வடிகட்டியில் எலி கூடு கட்டியிருந்ததால் அதுவும் பாதி அடைபட்டிருந்தது. அந்த எலிக்கு நன்றி. மூன்றாவதுக்கு ஓட்டை விழுந்த சைலன்சர் வழியே தாராளமாக ஈரம். துரு, தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் மிகுதியான இடத்தை அடைக்கும். அலுமினிய பிஸ்டனுக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி. அதில் துரு வளர்ந்தால் ஆப்பு அடித்தது போலத்தான்.

மருந்து என்னவென்றால், தானியங்கிக் கியருக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி. எங்களுள் ஒருவர் இதைப் படித்து வந்து சொன்னார். மேஸ்திரி தம் காலத்து மண்ணெண்ணெய்க் கலவையை விட்டுக்கொடுத்து இதற்கு ஒப்பினார். அசிட்டோன் நீர்போல் மெலிந்து சந்தில் நுழைவது. எண்ணெய் பின்னால் சென்று வழுக்க வைப்பது. இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து நிற்குமாதலால் ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்ற வேண்டும். நெருப்பு ஆகாது, கொட்டகைக் கதவு திறந்தே இருக்க வேண்டும், வண்டியின் சாயத்தில் பட்டால் சாயம் போய்விடும்.

நாங்கள் இருப்பது திருப்பதியில். பாகாலா வழியாகச் சித்தூர் செல்லும் வண்டியில் ஞாயிறன்றும் விடுமுறை நாளிலும்தான் போக முடியும். அன்றாடம் யார் ஊற்றுவது? "ஏன், நான் இல்லையா?" என்றார் டாக்டர் அம்மா. டாக்டரின் பெட்டியிலிருந்து கண்ணாடி ஊசிக்குழல் ஒன்றை எடுத்து வந்தார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் 20 மில்லி. மறுநாள் கம்பளி பின்னும் ஊசியைப் பிளக் துளை வழியே விட்டு, எத்தனை விரல் ஆழம் நனைந்திருக்கிறது என்று பார்ப்பது. நோயாளிகளின் விவரம் எழுதும் பழைய நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டு அதைக் குறிப்பது. இரவில் தொலைபேசியில் எங்களுக்குப் படித்துக் காட்டுவது.

இரண்டாவதிலும் நான்காவதிலும் இரண்டே நாளில் மருந்து வடிந்துவிட்டது. ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கிற்று என்று பொருள். முதலாவதில் ஐந்து நாள் ஆயிற்று. மூன்றாவதில் ஊற்றியது ஊற்றியபடியே நின்றது. "மூன்றாம் எண்: மாற்றமில்லை" என்று ஆறாம் நாள், ஏழாம் நாள், எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் வரை கேட்டோம். எங்களுள் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. ஹெட்டைக் கழற்றி மேலே மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் அடித்தால் என்ன என்றார். அப்படிச் செய்வதும் உண்டு. சுவரிலுள்ள துருவை முதலில் சுரண்டி, கடின மரத்துண்டை வைத்து மெல்லத் தட்டுவார்கள். ஆனால் தட்டுபவன் கை ஒரு கணம் ஓங்கினால் பிஸ்டன் உடையும். உடைந்த ஹெரால்டு பிஸ்டனுக்கு மாற்று எங்கே கிடைக்கும்? மேஸ்திரி மறுத்துவிட்டார். பதினொன்றாம் நாள் இரவு அம்மாவின் குரலே மாறியிருந்தது: "மூன்றாம் எண்ணில் ஒரு விரல் குறைந்திருக்கிறது!"

நால்வரும் அன்றிரவு உறங்கவில்லை என்று சொன்னால் மிகை, மூவர் உறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மேஸ்திரி ராக்கர் மூடியைத் திறந்து, ராக்கர் தண்டைக் கழற்றி, எட்டு புஷ் ராடுகளையும் உருவி எடுத்தார். ஏனென்றால் வால்வும் தன் இடத்தில் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். எஞ்சின் அசையும்போது அது இறங்காவிட்டால் புஷ் ராடு வளைந்துபோகும். எடுத்தவை எடுத்த இடத்துக்கே திரும்ப வேண்டும். இங்கேதான் எங்கள் எழுத்தர் வேலை பயன்பட்டது. அட்டையில் எட்டுத் துளையிட்டு, எண்ணிட்டு, பார்சலுக்குக் கட்டும் சீட்டைப்போல் ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டினோம். மேஸ்திரி அதைப் பார்த்துச் சிரித்து, "ரசீது எங்கே?" என்று கேட்டார்.

கிராங்கு உருளையிலும் எஞ்சின் உடலிலும் நேருக்கு நேராக ஒரு சுண்ணாம்புக் கோடு. நட்டில் இரண்டடிப் பிடி. ஒருவர் மட்டும் நிதானமாக அழுத்துவது, பத்து எண்ணி விடுவது. பின்புறமாக அசைக்க நட்டை நம்பக்கூடாது, கழன்றுவிடும். அதற்கு நான்காவது கியரில் போட்டு வண்டியையே சிறிது பின்னுக்குத் தள்ளிப் பார்ப்பது. முன்பு நாங்கள் செய்தது போல ஓடிவந்து இடிப்பது அன்று, சாய்வது மட்டும். அன்று பயனில்லை. அதற்கடுத்த ஞாயிறும், மாலை நாலு மணி வரை பயனில்லை. அன்று தேதி 23. ஏழு நாள்தான் மீதி.

நாலரை மணிக்கு மேஸ்திரி பிடியை அழுத்திக்கொண்டிருந்தபோது ஓர் ஒலி கேட்டது. பழைய மரப்பெட்டியின் பூட்டுத் திறப்பது போன்ற சிறிய ஒலி. சுண்ணாம்புக் கோடு ஒரு நெல் அளவு விலகியிருந்தது. நாங்கள் ஆரவாரித்தோம். அவரோ உடனே நிறுத்திவிட்டு, மருந்தை மேலும் ஊற்றச் சொன்னார். நெல் அளவு முன்னே, அரை நெல் பின்னே. பிறகு விரல் அளவு முன்னே. விளக்கு வைக்கும் நேரத்தில் எஞ்சின் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது. பிளக் துளைகளை மூடாமலே சுற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். திரவம் அமுங்காது; பிளக்கை மாட்டிவிட்டு உள்ளே திரவத்தோடு சுற்றினால் கனெக்டிங் ராடே வளையும். துணி போட்டு மூடியிருந்தும் துருவும் எண்ணெயும் பீச்சியடித்து எங்கள் தலைவரின் வெள்ளை வேட்டியைச் சிவப்பாக்கின. அந்த வேட்டி இன்றும் அவரிடம் இருக்கிறது.

மீதியைச் சுருக்கிச் சொல்கிறோம். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிச் சேற்றை வழித்து, புது எண்ணெய் நாலு லிட்டர் ஊற்றினோம். இறுகியிருந்த இரண்டு வால்வுகள் டீசலும் மெல்லிய தட்டும் பட்டு இளகின. பெட்ரோல் தொட்டியில் இருந்தது பெட்ரோல் அன்று, வார்னிஷ். அதைக் கொட்டிவிட்டு, வெளியே ஒரு கேனிலிருந்து குழாய் கொடுத்தோம். மூன்றாவது சிலிண்டரில் அழுத்தம் குறைவாக இருந்ததால் ஹெட்டைத் திறந்தோம். பிஸ்டன் 26 ஆண்டு நின்ற இடத்தில் சுவரைச் சுற்றி மோதிரம்போல் ஒரு தழும்பு. ஒரு ரிங் உடைந்திருந்தது. ரிங்குக்கும் கேஸ்கட்டுக்கும் எங்களுள் ஒருவர் சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கி வென்று வந்தார். தழும்பு தழும்பாகவே இருக்கிறது.

"ஒரு பழைய இரும்புக்கு இவ்வளவு பாடா?" என்று வீட்டில் கேட்டார்கள், இங்கும் சிலர் மனத்துள் கேட்கக்கூடும். 1941 ஜனவரியில் நேதாஜி தம் கல்கத்தா வீட்டிலிருந்து நள்ளிரவில் மறைந்து சென்ற வாண்டரர் காரை நாடு எறிந்துவிடவில்லை. அவருடைய அண்ணன் மகன் சிசிர் குமார் போஸ் அந்தக் காரில்தான் அவரைக் கோமோ இரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். அது புதுப்பிக்கப்பட்டு 2017 ஜனவரி 18 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியால் திறந்து வைக்கப்பட்டது. கோமோ நிலையமும் இன்று நேதாஜியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் இரயில்வேயிலோ, 1855-இல் பிறந்து 1909-இல் ஓய்வு பெற்ற நீராவி எஞ்சினைப் பெரம்பூர்த் தொழிலாளிகள் உயிர்ப்பித்து 2010 ஆகஸ்டு 15 அன்று ஓட்டிக் காட்டவில்லையா? டாக்டரின் வண்டியில் நேதாஜி ஏறவில்லைதான். பூதலப்பட்டில் நள்ளிரவில் அந்த விளக்கொளி தெருமுனையில் தெரிந்தபோது உயிர் வந்த வீடுகள் எத்தனையோ உண்டு.

30-ஆம் தேதி. நாங்கள் விடுப்பெடுத்துக்கொண்டு போயிருந்தோம். காலையிலிருந்து முயன்று முயன்று பாட்டரி இறங்கிவிட்டது. இருமியது, தும்மியது, பற்றவில்லை. பத்து மணிக்குக் காயலான் கடை லாரி வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் திரும்பிச் சென்று, தம் லாரியின் இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து கம்பி இழுத்துக் கொடுத்தார். மேஸ்திரி டிஸ்டிரிபியூட்டரின் பாயிண்டை மீண்டும் ஒருமுறை தேய்த்துவிட்டுத் தலையசைத்தார். சாவியைத் திருகினோம்.

கொட்டகை முழுதும் வெண்புகை. அதனுள்ளே ஒழுங்கற்று, பிறகு சிறிது சிறிதாக ஒழுங்குபட்டு, அந்தச் சிறிய எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் அம்மா பின் இருக்கையில் ஏறவில்லை. முன்னே, இடப்பக்கத்தில், தாம் வழக்கமாக அமரும் இடத்தில் அமர்ந்தார். இரண்டு தெரு தள்ளி, பூட்டிக் கிடக்கும் பழைய வைத்தியசாலை வரை சென்று திரும்பினோம். பிரேக் அரைகுறையானதால் நடைவேகம்தான்.

லாரிக்காரர் இரண்டு இரும்புக் கட்டில்களையும் பழைய கேட் ஒன்றையும் மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். வண்டி மறுவாரம் வேறொரு வண்டியின் மேல் ஏறி வேலூர் சென்றது. மூன்றாவது சிலிண்டர் இன்னும் சிறிது எண்ணெய் குடிக்கிறது. தொன்மை வண்டிப் பதிவுக்கான படிவத்தை நிரப்பும் பணி எழுத்தர்களாகிய எங்களுக்கே விடப்பட்டிருக்கிறது.